முடிச்சு நிறைய இருக்கிறது, உள்ளே சிவப்பு இல்லை

உளுந்து விதைத்து 35 நாள் ஆனதும் ஒரு செடியை மண்வெட்டியால் மண்ணோடு பெயர்த்து எடுங்கள். கையால் பிடுங்கினால் முடிச்சுகள் அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும்; வெறும் வேரைப் பார்த்துவிட்டு "ரைசோபியம் (வேர் முடிச்சில் குடியிருந்து காற்றின் நைட்ரஜனைப் பிடித்துத் தரும் பாக்டீரியா) வேலை செய்யவில்லை" என்று சொல்வது அப்படித்தான் ஆரம்பிக்கிறது. வேரை வாளித் தண்ணீரில் மெதுவாக அலசுங்கள். விரலால் தேய்த்தால் எளிதில் கழன்று வருவது வேர் முடிச்சு. வேரே வீங்கியதுபோல் இருந்து, தேய்த்தாலும் கழலாமல் நின்றால் அது நூற்புழு உண்டாக்கிய கட்டி. இரண்டையும் குழப்பிக்கொண்டால் இதற்கு மேல் சொல்லும் எதுவும் உதவாது.

முடிச்சை பிளேடால் குறுக்கே வெட்டி உடனே பாருங்கள், சிறிது நேரத்தில் காற்றுப்பட்டு நிறம் மாறிவிடும். உள்ளே இளஞ்சிவப்போ ரத்தச் சிவப்போ இருந்தால் தழைச்சத்து, அதாவது செடிக்கான நைட்ரஜன், தயாராகிக்கொண்டிருக்கிறது. பச்சையோ பழுப்போ என்றால் முடிச்சு வேலையை முடித்துக்கொண்டது. வெள்ளை என்றால் பாக்டீரியா உள்ளே குடியேறியிருக்கிறது, ஆனால் வேலை தொடங்கவில்லை. வெள்ளை முடிச்சைக் கண்டதும் அடுத்த பருவத்தில் ரைசோபியம் இரண்டு பாக்கெட் கூடுதலாகப் போடுவது வழக்கமாகிவிட்டது. ஆள் குறைவாக இருந்தால் ஆள் சேர்க்கலாம். கருவி இல்லாமல் உட்கார்ந்திருப்பவர்களோடு இன்னும் நூறு பேரைச் சேர்த்து என்ன பயன்? இங்கே கருவி என்பது உலோகம்.

காற்றில் இருக்கும் நைட்ரஜனின் இரண்டு அணுக்களை மூன்று பிணைப்புகள் சேர்த்துக் கட்டியிருக்கின்றன. தொழிற்சாலையில் அதை உடைக்க 400 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடும், நூறு மடங்குக்கு மேல் காற்றழுத்தமும் தேவை. பாக்டீரியா அதே வேலையை மண்ணின் சூட்டிலேயே செய்கிறது. அதற்கான நொதி நைட்ரஜனேஸ், இரண்டு புரதங்கள் சேர்ந்தது. சிறியதில் நான்கு இரும்பு அணுக்கள் கொண்ட ஒரு கொத்து இருக்கிறது. எலக்ட்ரானை எடுத்துக் கொடுப்பது அதன் வேலை. பெரிய புரதம் இரண்டு சம பாதிகளாக இருக்கும். ஒவ்வொரு பாதியிலும் எட்டு இரும்பு கொண்ட ஒரு கொத்து எலக்ட்ரானை வாங்கி வைக்கிறது. அதற்கடுத்து, நைட்ரஜன் வந்து உட்காரும் இடத்தில், ஏழு இரும்பு, ஒன்பது கந்தகம், ஒரு மாலிப்டினம், நட்டநடுவே ஒரு கார்பன். இந்தக் கொத்தின் வடிவம் 1992-ல் தெரிந்தது. நடுவில் இருப்பது கார்பன்தான் என்று உறுதியாக 2011 ஆகிவிட்டது.

கூட்டிப் பார்த்தால் பெரிய புரதம் ஒன்றுக்கு 30 இரும்பு, 2 மாலிப்டினம். ஒரு மூலக்கூறு நைட்ரஜனுக்கு எட்டு எலக்ட்ரானும் 16 ஏடிபியும் (செல்லின் எரிபொருள் மூலக்கூறு) செலவாகி, இரண்டு அம்மோனியாவும் ஒரு மூலக்கூறு ஹைட்ரஜனும் வெளிவரும். இதற்குச் சுமார் ஒரு விநாடி ஆகிறது. நொதிகளின் உலகில் இது ஆமை வேகம். வேகம் குறைவு என்பதால் பாக்டீரியா இந்த நொதியை மூட்டை மூட்டையாகச் செய்து வைக்கிறது. அதனால்தான் முடிச்சுக்கு இவ்வளவு இரும்புப் பசி.

சிவப்பு நிறமும் இரும்பின் கைவரிசைதான். நைட்ரஜனேஸ் ஆக்சிஜன் பட்டால் செத்துவிடும். அதே பாக்டீரியாவுக்கு ஏடிபி செய்ய ஆக்சிஜன் வேண்டும். இந்த இழுபறியைத் தீர்ப்பது லெக்ஹீமோகுளோபின், நம் ரத்தத்தில் இருப்பதன் தாவர உறவு. அது ஆக்சிஜனைக் கட்டிப்பிடித்துக் கொண்டுபோய்ச் சொட்டுச் சொட்டாகக் கொடுக்கும். அந்தச் சொட்டை வாங்கிக்கொள்ளும் பாக்டீரியாவின் சுவாச நொதியில் இரும்போடு தாமிரமும் இருக்கிறது. ஆகவே வெள்ளை முடிச்சில் முதலில் சந்தேகிக்க வேண்டிய உலோகம் இரும்பு. முடிச்சு ஓரளவு சிவந்திருந்தும் செடி தழைச்சத்துக் குறைவில் வெளிறி நின்றால் மாலிப்டினம். இது கறாரான விதி அல்ல, ஆனால் தேடலை எங்கே தொடங்குவது என்று காட்டும்.

உளுந்து, தட்டைப்பயறு, துவரை, சோயா ஆகியவற்றுக்கு மாலிப்டினத் தேவை மற்றப் பயறுகளைவிட ஒரு படி கூடுதல். இவை முடிச்சில் செய்த தழைச்சத்தை யூரைடு என்ற வடிவில் இலைக்கு அனுப்புகின்றன. யூரைடு செய்யும் பாதையில் ஒரு நொதிக்கு மாலிப்டினம் வேண்டும். மண்ணிலிருந்து எடுக்கும் நைட்ரேட்டைச் செரிக்கும் நொதிக்கும் அதே மாலிப்டினம். கொண்டைக்கடலையும் பட்டாணியும் யூரைடு பாதையில் போவதில்லை.

இனி மண். சங்கடமே இங்கேதான். இரும்பும் மாலிப்டினமும் பிஎச் (மண்ணின் அமில, கார நிலையைக் காட்டும் அளவு) விஷயத்தில் எதிரெதிர்த் திசையில் போகின்றன.

மாலிப்டினம் மண்ணில் மாலிப்டேட் என்ற எதிர்மின் அயனியாக இருக்கிறது. அமில மண்ணில் இரும்பு ஆக்சைடுகள் அதை இறுகப் பிடித்துக்கொள்ளும். பிஎச் ஒரு அலகு ஏறினால் மண்நீரில் கரைந்திருக்கும் மாலிப்டேட் கணக்குப்படி சுமார் 100 மடங்கு கூடும். இரும்போ, பிஎச் ஒரு அலகு ஏறினால் கரைவது ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கும். நீலகிரி, கொடைக்கானல் மலை மண்ணிலும் கன்னியாகுமரியின் செம்பொறை மண்ணிலும் இரும்பு ஏராளம், மாலிப்டினத்துக்குத்தான் பஞ்சம். கோயம்புத்தூர், கோவில்பட்டிப் பக்கத்துச் சுண்ணாம்புக் கரிசலில் மாலிப்டினம் தாராளம், இரும்பு கண்ணெதிரே கிடந்தும் வாய்க்கு எட்டாது. ஊருக்கெல்லாம் ஒரே "நுண்ணூட்டக் கலவை" என்று விற்பதை நான் ஏற்காததற்குக் காரணம் இதுதான். பிஎச் தெரியாமல் வாங்கும் கலவையில் பாதி உங்கள் மண்ணுக்குத் தேவையற்றது.

மாலிப்டினக் குறைவை வயலில் முதலில் கண்டுபிடித்தது ஆஸ்திரேலியாவில். தென் ஆஸ்திரேலியாவின் இரும்புக்கல் மண்ணில் குளோவர் தீவனப்பயிர் தேறவே இல்லை. மரச்சாம்பல் போட்ட இடத்தில் மட்டும் செழித்தது. சாம்பலில் இருக்கும் தனிமங்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, காரணம் மாலிப்டினம் என்று 1942-ல் வெளியிட்டார் ஆண்டர்சன். சாம்பல் இரண்டு வழியில் உதவியிருக்கும்: தன்னிடம் இருந்த மாலிப்டினத்தைக் கொடுத்தது, பிஎச்சை ஏற்றி மண் பிடித்து வைத்திருந்ததையும் விடுவித்தது.

நம் அமில மண்ணிலும் அதே குழப்பம் வரும். சுண்ணாம்பு போட்டதும் பயறு பச்சை கட்டினால், மாலிப்டினம் கிடைத்ததாலா, அலுமினிய நஞ்சு அடங்கியதாலா என்று சொல்ல முடியாது. பிரித்தறிய நான்கு பட்டை போதும், ஒவ்வொன்றும் பத்து வரிசை: ஒன்றில் எதுவும் இல்லை, ஒன்றில் சுண்ணாம்பு மட்டும், ஒன்றில் மாலிப்டினத் தெளிப்பு மட்டும், ஒன்றில் இரண்டும். மாலிப்டினம் மட்டும் தெளித்த பட்டை சுண்ணாம்புப் பட்டை அளவுக்குத் தேறினால் காரணம் மாலிப்டினம். சுண்ணாம்பு வாங்கும் செலவு மிச்சம். சுண்ணாம்புப் பட்டை மட்டும் தேறினால் அலுமினியத்தையோ கால்சியத்தையோ பாருங்கள். நான்குமே ஒரே மாதிரி மஞ்சளாக இருந்தால் பாக்டீரியாவையே சந்தேகிக்கலாம். பளிச்சென்ற மஞ்சள் திட்டுத் திட்டாகத் தெரிந்தால் அது மஞ்சள் தேமல், வெள்ளை ஈ பரப்பும் வைரஸ். அந்தச் செடியை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அளவு விஷயத்தில் கை தாராளமாக இருக்கக் கூடாது. பிரேசிலின் எம்பிராபா வேளாண் ஆய்வு நிறுவனம் சோயாவுக்குச் சொல்வது எக்டேருக்கு 12 முதல் 25 கிராம் மாலிப்டினம். கிலோ அல்ல, கிராம். ஏக்கருக்கு 5 முதல் 10 கிராம். அம்மோனியம் மாலிப்டேட்டில் 54 சதவீதம் மாலிப்டினம். ஆகவே ஏக்கருக்கு 9 முதல் 19 கிராம் உப்பு. சோடியம் மாலிப்டேட்டில் 39 சதவீதம்தான். அதில் 13 முதல் 26 கிராம் வேண்டும். பாக்கெட்டில் எந்த உப்பு என்று படித்துவிட்டு எடை போடுங்கள். கிராம் காட்டும் தராசு இல்லாவிட்டால் 50 கிராம் உப்பை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து வைத்துக்கொண்டு மில்லிலிட்டர் கணக்கில் அளக்கலாம். 20 மில்லியில் ஒரு கிராம்.

கிலோ விதைக்கு ஒரு கிராம் அம்மோனியம் மாலிப்டேட் என்பது நம் நாட்டில் புழங்கும் விதைநேர்த்தி அளவு. ஏக்கருக்கு 8 கிலோ உளுந்து விதை என்றால் 8 கிராம் உப்பு, 4.3 கிராம் மாலிப்டினம். கீழ் வரம்பை ஒட்டி வருகிறது, பரவாயில்லை. பிரச்சினை வேறிடத்தில்: அதே விதையில் ரைசோபியமும் பூச வேண்டும். மாலிப்டினம் பாக்டீரியாவுக்கு உணவுதான், ஆனால் விதைத்தோலில் அடர்ந்த உப்புக் கரைசலாகப் படும்போது அதைக் கொல்லும். சோடியம் மாலிப்டேட் இதில் மோசம். ஆஸ்திரேலியாவில் விதைக்கு அதைப் பயன்படுத்தாதீர்கள் என்றே சொல்கிறார்கள். பிரேசிலில் விதையில் பாக்டீரியாவை மட்டும் பூசி, மாலிப்டினத்தை இலைவழி கொடுக்கும் பழக்கம் வந்ததும் இதனால்தான்.

என் பரிந்துரையும் அதுவே. பூஞ்சாணக்கொல்லி பூச வேண்டுமானால் முதல் நாளே பூசுங்கள். 24 மணி நேர இடைவெளி வேண்டும். தாமிரம் உள்ள பூஞ்சாணக்கொல்லி வேண்டவே வேண்டாம். மறுநாள், நன்றாக ஆறிய அரிசிக் கஞ்சியில் ரைசோபியத்தைக் குழைத்து விதையில் பூசி, அரை மணி நேரம் நிழலில் உலர்த்தி அன்றே விதையுங்கள். கஞ்சி சூடாக இருந்தால் பாக்டீரியா செத்துப்போகும். மாலிப்டினத்தை 15 முதல் 20 நாள் பயிரில், 15 கிராம் அம்மோனியம் மாலிப்டேட்டை 200 லிட்டர் தண்ணீரில் கரைத்து ஏக்கர் முழுக்கப் பரவும்படி மாலையில் தெளியுங்கள். இலை எடுத்துக்கொண்டதை செடி முடிச்சுக்கு இறக்கிவிடும். விதைவழிதான் வேண்டும் என்றால், மாலிப்டேட்டை முதலில் பூசி நன்றாக உலர்த்தி, ரைசோபியத்தை விதைப்புக்குச் சற்று முன் கடைசியாகப் பூசுங்கள். இரண்டையும் ஒரே கஞ்சியில் கலந்து இரவு முழுக்க வைப்பதுதான் செய்யவே கூடாதது.

நிலக்கடலைக்காரர்கள் கவனிக்க ஒன்று. மண் அணைக்கும்போது போடும் ஜிப்சத்தில் இருப்பது சல்பேட். வடிவத்திலும் மின்னேற்றத்திலும் சல்பேட்டும் மாலிப்டேட்டும் அச்சு அசல் ஒன்றுபோல இருப்பதால் வேரின் வாசலில் இரண்டும் முட்டிக்கொள்ளும், கூட்டமாக வருவது சல்பேட். காய் பிடிக்க ஜிப்சம் வேண்டும், நிறுத்தச் சொல்லவில்லை. அமிலச் செம்மண்ணில் ஜிப்சத்துக்கு முன்பே மாலிப்டினத் தெளிப்பை முடித்துவிடுங்கள் என்கிறேன்.

இப்போது இரும்பு. சுண்ணாம்புக் கரிசலில் நிலக்கடலையின் இளம் இலை நரம்பு மட்டும் பச்சையாக, இடையெல்லாம் வெளிறி வந்தால் அது இரும்புக் குறைவு. தழைச்சத்துக் குறைவு அடி இலையில் தொடங்கும், நேர் எதிர். இரும்பு போதாதபோது ரைசோபியம் வேருக்குள் நுழைந்துவிடும், ஆனால் முடிச்சு வளராமல் சிறுத்து நின்றுவிடும். செடி எவ்வளவு வெளிறியது என்பதைவிட முடிச்சு இன்னும் மோசமாக அடிபடும்.

மண்ணில் அன்னபேதி (பெரஸ் சல்பேட் என்ற இரும்பு உப்பு) போடுவது அங்கே பெரும்பாலும் வீண், சுண்ணாம்பு சில நாளில் அதைத் துருவாக்கிவிடும். இலைத் தெளிப்புக்குப் பத்து லிட்டர் டேங்கில் 50 கிராம் அன்னபேதி, 10 கிராம் சிட்ரிக் அமிலம். வரிசை முக்கியம்: முதலில் சிட்ரிக் அமிலம், பிறகு அன்னபேதி. போர்வெல் தண்ணீரில் பைகார்பனேட் அதிகம். நேரே அன்னபேதியைப் போட்டால் கரைசல் பழுப்பாகி அடியில் வண்டல் தங்கும். தங்கியது இலைக்குள் போகாது, நாசில்தான் அடைக்கும். வெளிர் பச்சைப் படிகமாக இருக்கும் அன்னபேதியை வாங்குங்கள். பழுப்பேறியது பாதி துருவாகிவிட்டது. 10 நாள் கழித்து மறுபடி தெளிக்க வேண்டும், ஏனென்றால் பழைய இலையில் படிந்த இரும்பு புதுக் கொழுந்துக்கு நகராது. டிஏபி கரைசலோடு ஒரே டேங்கில் கலக்காதீர்கள். பாஸ்பேட்டும் இரும்பும் சேர்ந்து சுண்ணாம்புக் குழம்பு போல உறைந்துவிடும்.

கோபால்ட் செடிக்குத் தேவையே இல்லை, பாக்டீரியாவுக்குத் தேவை. ரைசோபியம் பி12 வைட்டமினைச் செய்கிறது, அதன் நடுவில் இருப்பது கோபால்ட். அது இல்லாவிட்டால் பாக்டீரியா பெருகுவதே தடைபடும். காற்றின் நைட்ரஜனை மட்டும் நம்பி வளரும் சோயாவுக்குக் கோபால்ட் வேண்டும் என்று 1960-ல் காட்டினார்கள். எம்பிராபா சொல்வது எக்டேருக்கு 2 முதல் 3 கிராம். கோபால்ட் சல்பேட்டில் 21 சதவீதம் கோபால்ட் என்பதால் ஏக்கருக்கு 4 முதல் 6 கிராம் உப்பு. கூடினால் இளஞ்செடி வெளிறும், இரும்புக் குறைவு மாதிரியே. தொழு உரம் போடும் வயலில் கோபால்ட்டைத் தேடி அலைய வேண்டியதில்லை.

நிக்கல் ஒரு சிக்கன உலோகம். நைட்ரஜனேஸ் ஒவ்வொரு சுற்றிலும் வீணாக்கும் ஹைட்ரஜனைச் சில ரைசோபிய இனங்கள் நிக்கலும் இரும்பும் கொண்ட இன்னொரு நொதியால் பிடித்து எரித்துக் கொஞ்சம் ஆற்றலை மீட்கின்றன. எல்லா இனத்துக்கும் அந்த வசதி இல்லை.

முடிச்சுக்கு வெளியே தனியாக வாழும் அசோடோபாக்டர் இன்னும் கெட்டிக்காரன். அதற்கு மாலிப்டினம் வேண்டும் என்று 1930-ல் காட்டியவர் ஜெர்மனியின் போர்ட்டெல்ஸ். பிறகு தெரிந்தது, அது மூன்று நைட்ரஜனேஸ் வைத்திருக்கிறது: மாலிப்டினம் உள்ளது, வனேடியம் உள்ளது, இரண்டும் இல்லாமல் இரும்பு மட்டும் உள்ளது. மாலிப்டினம் கிடைத்துக்கொண்டிருக்கும்வரை மற்ற இரண்டையும் பூட்டி வைத்திருக்கும், ஏனென்றால் அவற்றில் செலவு கூடுதல். ஒரு நைட்ரஜனுக்கு வனேடிய நொதியில் சுமார் 24 ஏடிபி, இரும்பு நொதியில் 40. ஹைட்ரஜனாகப் போகும் வீணும் அதற்கேற்பக் கூடும். ரைசோபியத்துக்குப் பெரும்பாலும் இந்த மாற்று இல்லை, மாலிப்டினம் ஒன்றுதான் கதி.

அசோடோபாக்டரை ஆய்வகத்தில் வளர்ப்பவர்களுக்கு இரண்டு பொறி. ஜென்சன் ஊடகத்தில் லிட்டருக்கு சோடியம் மாலிப்டேட் 0.005 கிராம், பெரஸ் சல்பேட் 0.1 கிராம். மாலிப்டினத்தை விட்டுவிட்டுத் தயாரித்தாலும் வளர்ந்தே தீரும், "மாலிப்டினம் தேவையில்லை போலிருக்கிறது" என்று மாணவர் எழுதிவிடுவார். கண்ணாடியிலும் சர்க்கரையிலும் அகரிலும் ஒட்டியிருக்கும் மாலிப்டினம் அதற்குப் போதும். அதோடு அசோடோபாக்டரிடம் மாலிப்டினத்தைச் சேமிக்கும் புரதம் உண்டு, ஒவ்வொன்றும் நூறு அணு வரை பதுக்கும். அமிலத்தில் கழுவிய பாத்திரம், தூய்மையான உப்பு, மாலிப்டினம் இல்லாத ஊடகத்தில் தொடர்ந்து பல முறை மறுவளர்ப்பு, இவை மூன்றும் இருந்தால்தான் பட்டினி உண்மையான பட்டினி. இன்னொரு பொறி: இரும்பைப் பாஸ்பேட்டோடு சேர்த்து ஆட்டோகிளேவில் வைப்பது. வெளியே வரும்போது அடியில் வண்டல் இருக்கும், மேலே இரும்பு இருக்காது. இரும்புக் கரைசலைத் தனியாக, சிட்ரேட்டோடு கிருமி நீக்கி, ஊடகம் ஆறியதும் சேருங்கள். தழைச்சத்து இல்லாத அகரில் மெல்லிய புள்ளியாக முளைப்பதெல்லாம் நைட்ரஜன் பிடிப்பவையும் அல்ல. அகரின் அழுக்கையும் அறைக் காற்றின் அம்மோனியாவையும் தின்று வாழ்பவை உண்டு.

உலோகம் அதிகமானால் வேறு கதை. இங்கிலாந்தின் டீர்ட் என்னும் மேய்ச்சல் நிலங்களில் புல்லில் மாலிப்டினம் கூடி, மாடுகள் கழிந்து மெலிந்தன. மாலிப்டினம் மாட்டின் உடலில் தாமிரத்தை முடக்கியதுதான் காரணம் என்பது பின்னால் புரிந்தது. ஏக்கருக்குக் கிராம் என்று வற்புறுத்துவது இதனால்தான். தீவனப்பயிரில் ஆண்டுதோறும் தெளிக்கவும் கூடாது.

அதே இங்கிலாந்தின் வூபர்ன் ஆய்வுப் பண்ணையில் 1942 முதல் 1961 வரை சாக்கடைக் கசடு போட்ட வயலில் இருபது ஆண்டு கழித்து வெள்ளைக் குளோவர் விதைத்தார்கள். துத்தநாகம், காட்மியம், தாமிரம், நிக்கல் எல்லாம் மண்ணிலேயே இருந்தன. குளோவர் குன்றியது, தழைச்சத்து உரம் கொடுத்தால் நன்றாக வளர்ந்தது. ஆகவே அடிபட்டது செடி அல்ல, பாக்டீரியா. தோண்டிப் பார்த்தால் முடிச்சுகள் இருந்தன, சிறியவை, வெள்ளையானவை. நைட்ரஜன் பிடிக்கத் தெரிந்த இனங்கள் அந்த மண்ணில் அழிந்து, பிடிக்கத் தெரியாத ஒன்று மட்டும் தாக்குப்பிடித்திருந்தது. நகராட்சிக் கசடிலிருந்து செய்த உரத்தை லாரி லாரியாக இறக்கும் முன் துத்தநாகம், காட்மியம் பரிசோதனை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். அந்த வகை வெள்ளை முடிச்சை மாலிப்டினமோ அன்னபேதியோ சிவக்க வைக்காது.